எங்கள் வாக்குச்சாவடியின் ஒரே ஒரு வாக்கு

தலைமை ஏற்க முடியாது என்று மறுத்து, மறுத்த ஒரே காரணத்தால் தலைமை நாற்காலியில் அமர்த்தப்பட்டிருக்கும் தையற்கடை உரிமையாளர் அவர்களே! யாரும் யாருக்கும் தலைவர் அல்லர் என்ற கொள்கையைத் தலைமேல் தாங்கும் தன்விருப்பக் கட்சியின் தலைவர் அவர்களே! தோற்றும் துவளாத, துவண்டாலும் கடை திறக்கத் தவறாத, நம் வார்டின் முன்னாள் வேட்பாளர், மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் அவர்களே! மேடையில் வீற்றிருக்கும் பெரியோர்களே! மேடையில் இடம் போதாமல் கீழே வீற்றிருக்கும் அவர்களினும் பெரியோர்களே! பிள்ளைகளை மடியிலும் பொறுமையை மனத்திலும் தாங்கி அமர்ந்திருக்கும் தாய்மார்களே! என்ன கூட்டம் என்று தெரியாமல், மின்விசிறி ஓடுவதைப் பார்த்து உள்ளே வந்த நண்பர்களே! உங்கள் அனைவருக்கும், கதவோரம் கைகட்டி நிற்கும் என் கணவருக்கும் என் பணிவான வணக்கம்.

எவ்வளவு நேரம் பேசலாம் என்று கட்சித் தலைவரைக் கேட்டேன். வயது வந்த ஒருவருக்கு நேரக் கட்டுப்பாடு விதிக்கும் உரிமை கட்சிக்கு இல்லை என்றார். ஆகவே, உங்கள் நிலைமை எனக்குப் புரிகிறது. சுருக்கமாகவே பேசுகிறேன்.

நான் பேச்சாளர் அல்லள். நகரத் தண்ணீர் நிலையத்தில் பம்பு இயக்குபவள். குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிறதல்லவா? வரச் செய்பவர்களில் நானும் ஒருத்தி. (என்ன தாயே? உங்கள் தெருவில் வருவதில்லையா? கூட்டம் முடிந்ததும் என்னைப் பாருங்கள். இது தண்ணீர்க் கூட்டம் அன்று.)

இந்தக் கட்சிக்கு எங்கள் வாக்குச்சாவடியில் விழுந்த வாக்கு ஒன்று. ஒன்றே ஒன்று; வேட்பாளருக்கே வாக்கு வேறு சாவடியில். கைதட்டாதீர்கள் ஐயா, ஒன்றுக்குக் கைதட்டினால் கேலி செய்வதைப் போல் இருக்கிறது. அந்த ஒன்றைப் போட்டவள் நான்.

போட்டவர் யார் என்று அறியக் கட்சிக்காரர்களுக்குக் கொள்ளை ஆசை. ஆனால் கேட்பது தனிமனித உரிமையில் தலையிடுவது ஆகும் என்று செயற்குழு கூடி முடிவெடுத்ததாம். கேட்காமலே தவித்திருக்கிறார்கள். கடைசியில், கண்ணாடியின் திருகாணி கழன்றுவிட்டதென்று கடைக்குப் போன நான்தான் சொன்னேன். கண்ணாடிக்காரர் தம் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மாட்டினார், மறுபடியும் கழற்றினார்.

"நீங்க சொல்லணும்னு அவசியமே இல்லீங்களே," என்றார்.

"தெரியும் சார். சும்மாதான் சொன்னேன்."

"எங்க கூட்டத்துல வந்து பேசுறீங்களா?"

"உங்க கொள்கையில பாதி எனக்குப் பிடிக்கலையே சார்?"

"அதையும் சேர்த்துப் பேசுங்க," என்றார்.

பேசுகிறேன்.

தேர்தலுக்கு முன்பு இவர் எங்கள் வீட்டுக் கதவிடுக்கில் ஒரு துண்டறிக்கையைச் செருகிவிட்டுப் போனார். எல்லாக் கட்சித் தாளையும் அடுப்பு மேடைக்கு விரிக்கும் நான், அதை மட்டும் படித்துவிட்டு விரித்தேன். என்ன இருந்தது அதில்? உரிமம் என்ற பெயரில் உழைப்பவரை உதைக்கும் விதிகள் ஒழியும் என்று இருந்தது. நன்று! வரி என்பது விரும்பியவர் விரும்பும்போது செலுத்துவது ஆகும் என்று இருந்தது. நன்று, நம்மில் யார் விரும்பப் போகிறோம்? சாலைச் சந்திப்பில் எரியும் சிவப்பு விளக்கு இனிக் கட்டளையாக இராது, ஆலோசனையாக இருக்கும் என்று இருந்தது. அந்தச் சந்திப்பைத் தினமும் கடப்பவள் நான். அங்கே இப்போதும் அப்படித்தான். அதற்கும் கீழே, கொட்டை எழுத்தில், நகரத் தண்ணீர் நிலையம் தனியாருக்கு விற்கப்படும் என்று இருந்தது.

அவையோரே! ஒரு தாய், தன் பிழைப்பையே விற்கப் போவதாக அறிவிக்கும் தாளின்மேல் அடுப்பை வைத்துச் சமைத்திருக்கிறாளா? நான் சமைத்தேன். மறுநாள் கடைக்குப் போய் நேரிலேயே கேட்டேன்.

"சார், தண்ணி நிலையத்தை வித்துட்டா குளோரின் யாரு போடுவா?"

"வாங்குறவங்க போடுவாங்கம்மா."

"போடலைன்னா?"

"மக்கள் வேற கம்பெனிக்கு மாறிடுவாங்க."

"மாறுறதுக்கு முன்னாடி ஒரு வாய் குடிச்சிருப்பாங்களே சார்?"

அவர் ஒரு தாளை எடுத்துக் கேள்வியைக் குறித்துக்கொண்டார். மழுப்பவில்லை, சிரித்து ஒதுக்கவில்லை. "இது நல்ல கேள்வி. மாநாட்டுல வைக்கிறேன்," என்றார். வைத்திருக்கிறார். மாநாட்டில் ஒவ்வொருவரும் தத்தம் கருத்தைச் சொன்னார்களாம். ஒருவர் கருத்தை இன்னொருவர்மேல் திணிக்கக் கூடாது என்பதால் முடிவு எதுவும் எடுக்கவில்லையாம். தலைவர் தலையசைக்கிறார், அப்படியானால் உண்மைதான். அந்தக் கொள்கையை அன்றும் நான் ஏற்கவில்லை, இன்றும் ஏற்கவில்லை. வயிற்றுப்போக்கு வந்த பிறகு வியாபாரியை மாற்றுவது விடுதலை ஆகுமா? ஆகாது என்பது என் கருத்து. அதையும் நான் யார்மேலும் திணிக்கவில்லை.

பிறகு ஏன் வாக்களித்தாய் என்று கேட்கிறீர்கள். கேளுங்கள்.

என் கணவருடைய அக்கா எங்கள் வீட்டுக்கு அடுத்த வீட்டில் இருக்கிறார். நான் அண்ணி என்று அழைப்பேன். தெருவே அவரைச் சீப்பக்கா என்று அழைக்கும். வீட்டு முன்னறையில் ஒரு கண்ணாடி, ஒரு நாற்காலி, ஒரு கத்தரிக்கோல். அவ்வளவுதான் அவருடைய சாம்ராச்சியம். தெருப் பெண்களின் தலைகள் எல்லாம் அந்த நாற்காலியில் குனிந்து நிமிர்ந்தவை. குடிகாரக் கணவர் விட்டுப்போன பிறகு, தன் இரண்டு பெண்களையும் அந்தக் கத்தரிக்கோலால்தான் கரையேற்றினார். அழமாட்டார், அசரமாட்டார், அடுத்தவர் சொல்லைக் கேட்கவும் மாட்டார்.

ஒருநாள் நகராட்சியிலிருந்து வந்து அந்த அறைக்கு சீல் வைத்துவிட்டுப் போனார்கள். பயிற்சி நிலையச் சான்றிதழ் இல்லாமல் முடி வெட்டியதாகப் புகாராம். புகார் கொடுத்தவர் யார் என்று தெரியவில்லை. கதவில் அரக்கு, அரக்கின்மேல் முத்திரை. உள்ளே அவருடைய கண்ணாடி, வெளியே அவர்.

ஆளும் கட்சிக் கவுன்சிலரிடம் போனோம். "மனு குடுங்கம்மா, பாக்கலாம்," என்றார். கொடுத்தோம். பார்த்தார். மனுவை. எதிர்க்கட்சிக்காரர் வேகமானவர்; அன்றே வந்தார். சீல் வைத்த கதவுக்கு முன்னால் அண்ணியை நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டு போனார். படம் நன்றாக வந்திருந்ததாகச் சொன்னார்கள்.

அப்போதுதான் தம் கட்சித் தாள்களோடு தெருவில் நடந்துவந்த கண்ணாடிக்காரர், கதவின்முன் நின்றார். முத்திரையைப் படித்தார். "என்னம்மா ஆச்சு?" என்று கேட்டார். அண்ணி சொன்னார். அவர் கையிலிருந்த தாள்களை என்னிடம் கொடுத்துவிட்டு, "வாங்க போலாம்," என்றார். வாக்குக் கேட்கவில்லை. கேட்க மறந்துவிட்டார் என்றே நினைக்கிறேன்.

நகராட்சி ஆபீஸ் தாழ்வாரத்தில் ஒரு நீளப் பெஞ்சு உண்டு. போனவர்களுக்குத் தெரியும், ஒரு கால் ஆடும். கடையைச் சாத்திவிட்டு அந்தப் பெஞ்சில் அண்ணியோடு உட்கார்ந்தார். மறுநாளும் உட்கார்ந்தார். அதற்கடுத்த வாரமும் உட்கார்ந்தார். கடைசியில் அதிகாரி உள்ளே கூப்பிட்டார்.

"சான்றிதழ் இல்லாம முடி வெட்டக் கூடாதும்மா," என்றார் அதிகாரி.

"இத்தனை வருஷமா வெட்டிக்கிட்டுதானே இருந்தேன்?"

"அதுதாம்மா தப்பு."

கண்ணாடிக்காரர் மெல்லக் கேட்டார்: "சார், முடியத் தப்பா வெட்டிட்டா என்ன ஆகும்?"

"என்ன ஆகும்?"

"வளரும் சார்."

அதிகாரி சிரிக்கவில்லை. "விதி விதிதான்," என்றார்.

ஆனால் அந்தத் தாழ்வாரச் சுவரில் விதிகளை ஒட்டி வைத்திருந்தார்கள். வேறு வேலை இல்லாமல் அதை முழுவதும் படித்துவிட்ட கண்ணாடிக்காரர், அனுபவமுள்ளவர் அதிகாரி முன்னிலையில் வெட்டிக் காட்டித் தேர்ச்சி பெறலாம் என்று ஓர் உட்பிரிவு இருப்பதைச் சொன்னார். அது அதிகாரிக்கும் தெரியும். யாரும் கேட்காததால் அவரும் சொன்னதில்லை. "சரி, ஒரு ஆளைக் கூட்டிட்டு வாங்க. இங்கயே வெட்டிக் காட்டுங்க," என்றார்.

யார் தலையைக் காட்டுவது? என் கணவரைக் கேட்டோம். அவருக்கு அன்று அவசர வேலை இருந்தது. (இருந்தது, இருந்தது. அங்கிருந்து கையாட்ட வேண்டாம்.) கண்ணாடிக்காரர் எழுந்தார். "இந்தப் பரீட்சையையே நான் எதிர்க்கிறேன். அதப் பதிவு பண்ணிக்குங்க. இப்ப எங்க உக்காரணும்?" என்றார்.

பெரியோர்களே! அவருடைய அந்நாளைய தலையை அறியாதவர்கள் அறிந்துகொள்ளுங்கள். இடது காதோரம் வளர்ந்த முடியை உச்சி வழியாக வளைத்து வலது காதில் கொண்டுபோய்ச் சேர்த்திருந்தார். அது நெடுங்காலத் திட்டம். அண்ணி ஒரு பார்வை பார்த்தார். "சார், இத எடுத்துடணும்," என்றார். அவர் கண்ணை மூடிக்கொண்டார். "எடுங்க," என்றார்.

கொள்கைக்காகத் தலையைக் கொடுப்பேன் என்று மேடைதோறும் முழங்கிய தலைவர்களை நான் பார்த்திருக்கிறேன். கொடுத்தவரை அன்றுதான் பார்த்தேன்! அண்ணிக்கு லைசென்ஸ் கிடைத்தது. இவருக்கு என்ன கிடைத்தது? சுவரொட்டிகள் ஏற்கெனவே பழைய முடியோடு அச்சாகிவிட்டன. அதில் இருப்பவர் யார் என்று வாக்காளர்கள் அவரிடமே கேட்டார்கள்.

இதோடு கதை முடிந்திருந்தால், எங்கள் தெருவின் வாக்கு முழுவதும் இந்தக் கட்சிக்குத்தான். அண்ணி அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார். லைசென்சுக்கு மரச்சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினார். வந்தவர்களுக்கெல்லாம் காட்டினார். வாசிக்கத் தெரியாதவர்களுக்கு வாசித்தும் காட்டினார்.

அப்போதுதான் எதிர்வீட்டுக்கு ஒரு பெண் குடிவந்தாள். சின்ன வயது, கைக்குழந்தை. கணவன் லாரி ஓட்டப் போனால் எப்போது வருவான் என்று லாரிக்கே தெரியாது. குழந்தை தூங்கும் நேரத்தில் அவளும் முன்னறையில் ஒரு நாற்காலியைப் போட்டாள். அவளும் ஒரு கண்ணாடியை மாட்டினாள். அண்ணி கேட்பதைவிடக் குறைத்து வாங்கினாள். நன்றாகவும் வெட்டினாள், அதுதான் அண்ணிக்குத் தாங்கவில்லை.

ஒரு காலை என்னை இழுத்துக்கொண்டு கண்ணாடிக் கடைக்குப் போனார்.

"சார், நீங்க நல்லா எழுதுவீங்க. ஒரு புகார் எழுதிக் குடுங்க."

"யார் மேலம்மா?"

"எதிர்வீட்டுக்காரி மேல. லைசென்ஸ் இல்லாம வெட்டுறா."

அவர் கையிலிருந்த கண்ணாடியைக் கீழே வைத்தார். "அம்மா, கொஞ்ச நாள் முன்ன வரைக்கும் நீங்களும்..."

"நான் பரீட்சை குடுத்துப் பாசானவ!"

"நான் அந்தப் பரீட்சையே வேண்டாம்னு சொல்றவன்."

"அப்ப எனக்காக நின்னது எதுக்கு?"

"உங்களுக்காகத்தான் நின்னேன். அந்தப் பொண்ணுக்கு எதிரா நிக்க முடியாதும்மா."

அண்ணியின் குரல் இறங்கியது. அவர் குரல் இறங்கினால் ஆபத்து. எங்கள் குடும்பத்துக்கே தெரியும். "எங்க தெரு ஓட்டு பூராவும் என் நாற்காலியில உக்காந்துதான் எழுந்திருக்குது. தெரியுமா சார்?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா முடியாதுங்கறீங்க?"

"ஆமாம்மா."

நான் பக்கத்தில்தான் நின்றேன். அவர் கீழே வைத்த கண்ணாடியைத் திரும்பக் கையில் எடுத்தார். அதன் திருகாணியை முடுக்கத் திருப்புளியை எடுத்தார், அது கை நழுவி விழுந்தது. குனிந்து தேடினார், கண்ணெதிரே கிடந்தது, தெரியவில்லை. அவருக்கு வெற்றி வேண்டும். எல்லா வேட்பாளரையும்போல் அவருக்கும் வேண்டும். அது அண்ணியோடு வாசல் தாண்டிப் போவதைப் பார்த்துக்கொண்டே நின்றார். கூப்பிடவில்லை.

பிறகு என்ன? அண்ணி நேரே கவுன்சிலரிடம் போனார். எங்கள் மனுவை மாதக்கணக்கில் பார்த்துக்கொண்டிருந்தவர், புகாரை அன்றே பார்த்தார். மறுநாளே எதிர்வீட்டு முன்னறைக்கு சீல் வந்தது. திறந்துவிடு என்று கேட்டால் ஊர்ந்துவரும் அதிகாரம், பூட்டிவிடு என்று கேட்டால் ஓடிவருகிறதே! ஏன் ஐயா? எனக்கு விடை தெரியாது. நானும் அந்த அரசாங்கத்தில்தான் சம்பளம் வாங்குகிறேன்.

அதன்பிறகு அண்ணியின் நாற்காலி பிரச்சார மேடை ஆயிற்று. கழுத்தோரம் கத்தரிக்கோல் இருக்கும்போது, "கண்ணாடிக்காரருக்கா போடப் போற?" என்று கேட்டால் எந்தப் பெண் ஆமாம் என்பாள்? எங்கள் வீட்டிலும் கவுன்சிலருக்குத்தான் என்று முடிவாயிற்று. நானும் தலையை ஆட்டினேன்.

வாக்குச்சாவடிக்குள் போனேன். தட்டி மறைவுக்குள் நான் மட்டும். இந்தக் கட்சிக்குப் போட்டால் என் வேலை போகும். விளக்குகள் ஆலோசனை ஆகும். தண்ணீர் என்ன ஆகும் என்று மாநாட்டுக்கே தெரியாது. எல்லாம் தெரிந்தும் என் விரல் கவுன்சிலர் பக்கம் போக மறுத்தது. திருப்புளி தேடிய அந்தக் கைதான் கண்ணில் நின்றது. என் வீட்டுக்குள் என் அண்ணியிடம் முடியாது என்று சொல்ல இத்தனை வருடமாக எனக்கு வாய் வந்ததில்லை. ஒரு மனிதர் சொல்லிவிட்டாரே! இந்தத் தட்டிக்குள்ளாவது நானும் ஒருமுறை சொல்லிப் பார்க்கிறேன் என்று அழுத்தினேன். அழுத்திவிட்டு வெளியே வந்து, கவுன்சிலருக்குப் போட்டவளைப் போல் நடந்தேன்.

முடிவு உங்களுக்குத் தெரியும். கவுன்சிலர் வென்றார். இவர் கட்டிய காப்புத்தொகையும் போயிற்று. விடிந்ததும் இவர் என்ன செய்தார் தெரியுமா? நகராட்சி ஆபீஸ் வழியாக வந்தபோது என் கண்ணால் கண்டேன். அதே தாழ்வாரம், அதே ஆடுகால் பெஞ்சு. ஒரு முனையில் கண்ணாடிக்காரர். மறுமுனையில் குழந்தையோடு எதிர்வீட்டுப் பெண்.

வீட்டுக்கு வந்து அண்ணியிடம் சொன்னேன். சொல்லத்தான் வேண்டுமா என்று என் கணவர் கண்ணைக் காட்டினார், சொல்லிவிட்டேன்.

"தேர்தல்தான் முடிஞ்சு போச்சே," என்றார் அண்ணி. "தோத்துட்டாரே. இன்னும் எதுக்கு அங்க போய் உக்காந்திருக்காரு?"

அண்ணி கத்தரிக்கோலைத் துடைத்தார். துடைத்ததையே துடைத்தார். பிறகு சுவரிலிருந்த லைசென்சைச் சட்டத்தோடு கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, செருப்பை மாட்டினார்.

நானும் பின்னாலேயே ஓடினேன். பெஞ்சில் இருவருக்கும் நடுவே போய் உட்கார்ந்தார். குழந்தை லைசென்ஸ் சட்டத்தைத் தட்டிப் பார்த்தது. அதிகாரி வெளியே வந்தார்.

"நீங்கதானேம்மா இந்தப் பொண்ணு மேல புகார் குடுத்தது?"

"ஆமா, நானேதான்," என்றார் அண்ணி. "லைசென்ஸ் இருக்கறவங்க பொறுப்புல, அவங்க இடத்துல இன்னொருத்தர் வெட்டலாம்னு இதுல போட்டிருக்கு. இவ என் பொறுப்பு. எங்க கையெழுத்துப் போடணும்?"

அந்தப் பெண் குழந்தையை இடுப்பு மாற்றிக்கொண்டு எழுந்தாள். கையெழுத்தானது. வெளியே வந்ததும் அண்ணி அவள் முகத்தைப் பார்க்காமலே கேட்டார்: "கத்தரிக்கோல் உள்ளயே மாட்டிக்கிச்சா?"

"ஆமாங்கக்கா."

"என்கிட்ட இன்னொண்ணு இருக்கு. வா."

இன்று அந்த அறையில் இரண்டு நாற்காலிகள். தினமும் சண்டை. கண்ணாடி யார் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதில் சண்டை, குழந்தையை யார் தூங்கவைப்பது என்பதில் சண்டை. கவுன்சிலரே தலையிட அஞ்சும் சண்டை. ஒருநாள் அண்ணியிடம் கேட்டேன், ஏன் மனம் மாறினீர்கள் என்று. எதிர்வீட்டைப் பார்த்தபடியே சொன்னார்: "சீலு என் கதவுல இருந்தப்ப அரசாங்கம் வச்சதாத் தெரிஞ்சுது. அந்தக் கதவுல இருக்கும்போது, நான் வச்சதாத் தெரியுது."

அன்பார்ந்த பெரியோர்களே! அருமைத் தாய்மார்களே! இதைத்தான் நான் சொல்ல வந்தேன். விடுதலை வேண்டும், விடுதலை வேண்டும் என்கிறோம். யாருக்கு வேண்டும்? எனக்கு வேண்டும்! என் கடைக்கு வேண்டும்! என் கதவுக்கு வேண்டும்! எதிர்வீட்டுக்கு? அவர்களுக்கு விதி வேண்டும், வேலி வேண்டும், விசாரணை வேண்டும்! பூட்டப்பட்டபோது தவித்த கைதான், சாவி கிடைத்ததும் முதலில் பூட்டப் போகிறது. அண்ணியின் கை மட்டுமா? என் கை போகாதா? உங்கள் கை போகாதா? எனக்குக் கிடைத்தது பிறர்க்கும் கிடைக்கட்டும் என்று விட்டுக்கொடுக்காதவரை, நான் பெற்றதற்குப் பெயர் விடுதலையா? அதற்குப் பெயர் சலுகை ஐயா, சலுகை!

தன்விருப்பக் கட்சியின் நண்பர்களே! எல்லாரையும் சும்மா விடுங்கள் என்பது உங்கள் கொள்கை. ஆனால் உங்கள் வேட்பாளர் எங்களைச் சும்மா விடவில்லை. எவர் கட்டளையும் இன்றி வந்து, எங்கள் பெஞ்சில் உட்கார்ந்தார். வாக்கு வரும் என்றபோதும் உட்கார்ந்தார், வராது என்று தெரிந்த பிறகும் உட்கார்ந்தார். அதை உங்கள் அறிக்கையின் எந்தப் பக்கத்திலும் நான் காணவில்லை. அடுத்த அறிக்கையில் அச்சிட முடியுமானால் அச்சிடுங்கள். தண்ணீர் நிலையத்தைப் பற்றிய வரி இருந்த இடம் அதற்குப் போதும்.

பிடிக்காததையும் பேசு என்று மேடை தந்த கட்சிக்கு என் நன்றி. முகம் சுளிக்காமல் கேட்ட தலைவருக்கும், சுளித்தாலும் எழுந்து போகாத செயற்குழுவுக்கும், மைக்கை அணைக்காத தம்பிக்கும் நன்றி. பொறுமையாக இருந்த தாய்மார்களே, வீட்டுக்குப் போகும்போது எதிர்வீட்டுக்காரர்கள் வாசலில் நின்றால், நான் விசாரித்ததாகச் சொல்லுங்கள். அவர்களுக்கும் உங்களுக்கும் என் வணக்கம்.